அரக்கு ஆறும்வரை

பட்டறை வாசலில் நான் போய் நின்றபோது அப்பா தலையைத் தூக்கவில்லை.

ஐப்பசி மழை. கூரை ஓலையின் நுனியிலிருந்து தண்ணீர் என் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் எட்டு முன்னால் வைத்தால் நனையாமல் நிற்கலாம். வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த இடம் அது. அந்தத் தரையில் தவழ்ந்து நெருப்புப்பொறி பட்ட தழும்பு இன்னும் என் முழங்காலில் இருக்கிறது. அதற்குள் நுழைய யாராவது ‘வா’ என்று சொல்லவேண்டும் என்று காத்து நின்றேன்.

கையில் ஒரு துணிப்பொதி. அதற்குள் பிடி ஆடிப்போன பால்வெட்டுக் கத்தி. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை.

அப்பா ஒரு மண்வெட்டியின் வாயைத் தட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். வெற்று முதுகில் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. உலையில் சிரட்டைக்கரி கனன்ற வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வடசேரியில் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும் வழியெல்லாம் அழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

“என்ன வேணும்?” என்றார், மண்வெட்டியைப் பார்த்தபடியே.

“கத்திக்குப் பிடி போடணும்.”

சுத்தியல் ஓர் அடி தப்பியதுபோல எனக்குப் பட்டது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. மழைச் சத்தமாகவும் இருக்கலாம். இத்தனை வருடமாக அந்த ஓர் அடியை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், இன்னும் தீர்மானமாகவில்லை.

கத்தியில் குறை

போன வாரம் அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தைப் பற்றி எழுதினேன். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைத்த அறைகள். வீட்டுக்கு ஓர் அறை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை அறை இருக்கும். வேலை போனால் அன்றைக்கே சட்டிபானையோடு வெளியே வரவேண்டும். வடசேரிக்காரியான நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். எழுதக் கை வரவில்லை என்பதுதான் காரணம்.

எங்கள் அப்பா கொல்லர். வடசேரிச் சந்தைக்குப் பின்னால் பட்டறை. என்னைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா சீக்கிரமே போய்விட்டாள். நான் ஒரே பிள்ளை, பேர் பாக்கியம். பள்ளிக்கூடம் போன நேரம் போக மீதி நேரமெல்லாம் அப்பாவுக்குத் துருத்தி இழுத்தேன். பெண்பிள்ளையைத் துருத்தியில் உட்கார வைக்கிறாரே என்று பேசியவர்கள் உண்டு. “எனக்க மக இழுத்தாத்தான் தீ ஒழுங்கா நிக்கும்” என்பார் அப்பா. அதைக் கேட்கத்தான் நான் இழுத்தேனோ என்னவோ.

மேற்கே ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்கள் கத்திக்காக அப்பாவைத் தேடி வருவார்கள். பால்வெட்டுக் கத்திக்கு நுனியில் ஒரு வளைவு உண்டு. அந்த வளைவு சரியாக விழுந்தால்தான் பட்டையை இழையாகச் சீவ வரும். அப்பா அடித்த கத்தியில் அது தப்பாது. அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் செல்லையா. முதல் தடவை கத்தி வாங்க வந்தார். இரண்டாம் தடவை முனை மழுங்கிவிட்டது என்று வந்தார். அதன்பிறகு அவர் கொண்டுவந்த கத்தியில் என்ன குறை என்று அப்பா திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு குறையும் இருக்காது. குறை வேறு இடத்தில் இருந்தது அப்பாவுக்குப் புரிய நாளாயிற்று.

செல்லையா வேறு ஆள். எங்கள் ஆட்களில் பெண் கேட்டு அவர் படி ஏற முடியாது. நாங்கள் யாரையும் கேட்கவில்லை. ஒரு சந்தை நாளில் நான் அவரோடு பஸ் ஏறினேன்.

அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அவர் நல்ல மனிதர். வருத்தம் எல்லாம் வேறு.

நான் போனபின் அப்பா பழையாற்றில் தலைமுழுகினார். பதினாறாம் நாள் எனக்கு அடியந்திரமும் நடத்தினார். செத்தவர்களுக்குச் செய்வதை எல்லாம், ஒன்று விடாமல். வடசேரிச் சந்தையில் காய் வாங்கி அருமனையில் விற்கும் ஒருத்தி வந்து இதைச் சொன்னாள். இலைச்சோறு நன்றாக இருந்தது என்றும் சொன்னாள். அவள் பேரில் தப்பு இல்லை, யாருடைய அடியந்திரம் என்று தெரியாமல் சாப்பிட்டிருக்கிறாள். இறந்துபோன பெண்ணிடமே வந்து பந்தியைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சர்வரோக நிவாரணி

அந்த வருடம் மழை கூடுதல். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, செல்லையாவின் கத்தியில் பிடி ஆட ஆரம்பித்தது. பிடிக்குள் இறங்கியிருக்கும் இரும்பை வால் என்போம். அந்த வால் துருவேறித் தேய்ந்துவிட்டது.

கறிக்கத்தியில் பிடி ஆடினால் விரல்தான் வெட்டுப்படும். பால்வெட்டுக் கத்தியில் ஆடினால் மரம் வெட்டுப்படும். பட்டையை மட்டும் சீவவேண்டும். அதற்குள்ளே இருக்கும் தண்ணிப்பட்டையைத் தாண்டிக் கத்தி தடியில் இறங்கினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் முண்டு முண்டாகப் பட்டை வளரும், பிறகு அங்கே வெட்ட முடியாது. காயம் பட்ட மரத்துக்காகக் கங்காணி ஆளை நிறுத்துவார்.

பிடி கழன்றால் லயத்தில் என்ன செய்வார்கள்? ரப்பர் பாலை விடுவார்கள்.

அங்கே ரப்பர் பால்தான் எல்லாவற்றுக்கும் மருந்து. குடை ஓட்டைக்கு ரப்பர் பால். வாளி ஓட்டைக்கு ரப்பர் பால். செருப்பு வார் அறுந்தால், பந்து கிழிந்தால், தொட்டில் கயிறு பிரிந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான். அடுத்த அறை ரோசம்மா ஒருதடவை காலில் பித்தவெடிப்புக்கே அதைப் பூசிக்கொண்டு இரண்டு நாள் நொண்டினாள். மரம் சும்மா தருகிறது, கையில் எப்போதும் இருக்கிறது, அப்புறம் யார் வேறு பசை தேடுவார்கள்?

“ரப்பர் பாலு ஒட்டாத சாமானம் உண்டா பிள்ளே?” என்பாள் ரோசம்மா.

நான் சொன்னேன். அது வேண்டாம், இரும்பும் மரமும் சேர அது ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். செல்லையா சிரித்தார். பிடியின் ஓட்டையில் பாலை ஊற்றி, உறைய ஒரு துளி ஆசிட் விட்டு, வாலைச் செருகி, வெளியே நூலால் இறுக்கிக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். காய்ந்தபின் என்னிடம் இழுத்துக் காட்டினார்.

“ஆனை பிடிச்சு இழுத்தாலும் வராது, பாத்தியா?”

உண்மை. இழுத்தால் வராது. அதுதான் அதன் வஞ்சனை. ரப்பர் பிடித்துக்கொள்ளும், ஆனால் இறுகாது. கத்தி மரத்தில் பட்டு அழுத்தும்போது உள்ளே அது கொஞ்சம் வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிரும். அந்தத் துள்ளல் போதும். மறுநாள் காலையில் வெட்டிய மரங்களில் பாதிக்குமேல் காயம்.

கங்காணி லயத்துக்கே வந்துவிட்டார். கையில் குச்சி. அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகப் பேசுவார். அதுதான் பயம்.

“செல்லையா, நீ நல்ல வெட்டுக்காரன்னு நானாக்கும் உன்ன வேலைக்கு விட்டது. என்ன நாணங்கெடுத்திப்போட்ட. மழை விட்ட பொறவு நான் மரம் மரமா வந்து பாப்பேன். இனி ஒரு காயம் கண்டா, அன்னைக்கே அறையக் காலி பண்ணிரணும். கேட்டியா?”

அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“வேற புதுக் கத்தி ஒண்ணு…” என்று செல்லையா இழுத்தார்.

“அது உனக்க பாடு.”

பசை புராணம்

இந்த இடத்தில் கொஞ்சம் வழிமாறிப் போகிறேன். பசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் போனால் கொல்லன் மகளாகப் பிறந்ததற்கு அர்த்தம் இல்லை.

தச்சர்கள் வஜ்ரம் என்று ஒரு பசை காய்ச்சுவார்கள். மாட்டுத்தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது. நாற்றம் குடலைப் புரட்டும். மரத்தோடு மரத்தை ஒட்ட அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் தண்ணீர் பட்டால் இளகிவிடும். கத்திக்கு உதவாது. மேற்கே பலாப்பழத்துப் பிசினைக் கம்பில் சுற்றி வைத்திருந்து சூடுகாட்டி வாளியின் ஓட்டையை அடைப்பார்கள். அதுவும் வாளியோடு சரி.

கத்திப்பிடிக்கு அரக்குதான். வெறும் அரக்கு இல்லை. வெறும் அரக்கு கண்ணாடிபோல நொறுங்கும். அதோடு செங்கல்லை இடித்துச் சலித்த பொடியைச் சேர்க்கவேண்டும். இரண்டையும் பொடியாகவே பிடியின் ஓட்டைக்குள் நிரப்பி, கத்தியின் வாலைக் காய்ச்சி உள்ளே இறக்கவேண்டும். வால் சிவக்கக் காய்ந்தால் அரக்கு கருகிப்போகும். காயாமல் இருந்தால் இளகாது. சிவப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிலை இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அப்பா பக்கத்தில் கையைக் காட்டிப் பார்ப்பார். வெட்டுகிற வாய்ப்பக்கம் சூடேறிப் பதம் போய்விடாமல் ஈரத்துணி சுற்றியிருக்கும். வாலை இறக்கியதும் அரக்கு உருகி ஓரத்தில் பொங்கி வரும். அதற்குப்பிறகு தண்ணீரில் முக்கக்கூடாது. அவசரப்பட்டால் விரிசல் விடும். அது தானாக ஆறவேண்டும். ஆறும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தட்டானிடம் கேட்டால் கொஞ்சம் அரக்கு கிடைக்கும். லயத்து அடுப்பிலேயே செய்திருக்கலாம். ஆனால் வால் தேய்ந்துபோயிருந்தது. உலையில் வைத்து அதை நீட்டி எடுக்காமல் எந்த அரக்கும் நிற்காது.

ஒரு சாக்கு

“மார்த்தாண்டத்துல பட்டறை இல்லியா?” என்றார் செல்லையா. “வடசேரி வரைக்கும் வயித்தத் தூக்கிக்கிட்டுப் போகணுமா?”

“இது அவரு அடிச்ச கத்தி. வளைவு கெடாம வால நீட்ட அவருக்குத்தான் தெரியும்.”

“அவரு உன்ன எரிச்சாச்சு, பாக்கியம்.”

“கத்திய எரிக்கலல்லா.”

நான் சொன்னது பாதி உண்மை. மார்த்தாண்டத்துக் கொல்லரும் அந்த வேலையைச் செய்திருப்பார். எனக்கு அங்கே போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஏழாம் மாதத்தில் தாய்வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போவார்கள். முறுக்கும் முந்திரிக்கொத்தும் பானை நிறைய வரும். கை நிறைய வளையல் போட்டுக் கூட்டிப்போவார்கள். லயத்தில் மற்றப் பெண்களுக்கு அப்படி ஆட்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு யார் வருவார்கள்? வரமாட்டார்கள் என்று தெரிந்தும், அந்த மாதம் பிறந்ததிலிருந்து பாதையில் குடை பிடித்து யார் வந்தாலும் எட்டிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எட்டிப் பார்த்தேன்.

அறை போனால் பிள்ளை எங்கே பிறக்கும்? செல்லையாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. கத்தி நின்றால் அறை நிற்கும். அல்லது அப்பா என் வயிற்றைப் பார்த்து மனம் இளகி, இங்கேயே இரு மக்கா என்று சொன்னால் அறை போனாலும் போகட்டும். இரண்டுக்கும் அந்தப் பட்டறைதான் வழி. இரண்டில் எதை நான் அதிகம் வேண்டிக்கொண்டு போனேன் என்று சொல்லவேண்டியதில்லை.

மழைநாளில் பால்வெட்டு கிடையாது. மழை விடுவதற்குள் போய்த் திரும்பவேண்டும். செல்லையா கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவரைக் கண்டால் அப்பா கையில் இருக்கும் சுத்தியலை எறிந்தாலும் எறிவார்.

துருத்தி

நான் பொதியை அவிழ்த்து, கத்தியைத் தரையில் வைத்துத் தள்ளினேன். அப்பா அதை எடுத்தார்.

தான் அடித்த கத்தியை அவருக்குத் தெரியாதா? திருப்பிப் பார்த்தார். பிடியை ஆட்டிப் பார்த்தார். நூலை அறுத்துவிட்டுக் குறட்டால் இழுத்தார். வாலோடு ரப்பர் நூல் நூலாக நீண்டு வந்தது. அதைப் பார்த்ததும் முகம் மாறியது.

“ரப்பர் பாலு விட்ட புத்திசாலி எவன்?” என்றார், யாரிடமும் இல்லாமல். “சவத்தெளவு. கத்தியக் கொல்லதுக்குன்னே பொறந்திருக்கானுவ.”

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? அவர் திட்டுகிறார். என் காது கேட்கத் திட்டுகிறார். செத்தவளுக்கு முன்னால் யாரும் இப்படித் திட்டுவார்களா?

அந்த ரப்பரைச் சுரண்டி உலையில் போட்டார். கறுப்புப் புகை. அது தீரும்வரை இருவரும் இருமினோம்.

துருத்திப் பக்கம் யாரும் இல்லை. அவரே ஒரு கையால் கயிற்றை இழுத்து, மறு கையால் குறட்டைப் பிடித்திருந்தார். வாலை நீட்ட இரண்டு கையும் வேண்டும். கரி சரியாகக் கனலவில்லை. அவர் கயிற்றை விட்டுக் குறட்டை மாற்றும்போது தீ அடங்கியது. மறுபடி இழுத்தார். மறுபடி அடங்கியது.

நான் உள்ளே போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை. போய்த் துருத்திக்குப் பக்கத்தில், எனக்குப் பழகிய இடத்தில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தேன்.

அவர் போ என்றும் சொல்லவில்லை.

இழுத்தேன். முதலில் வயிறு இடித்தது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து இழுத்தேன். கரி சிவந்தது. அவர் கத்தியின் வாய்ப்பக்கம் ஈரத்துணி சுற்றி, வாலை உள்ளே வைத்தார். கையை லேசாகத் தூக்கினார். கூட்டினேன். கையைத் தாழ்த்தினார். குறைத்தேன். அவர் அடிக்கும்போது நான் நிறுத்தவும், நிறுத்தும்போது நான் இழுக்கவும் ஒரு சொல் தேவைப்படவில்லை. வால் நீண்டு கூரானது. புதிதாக ஒரு பூவரசுப் பிடியை எடுத்துத் துளையைச் சரிபார்த்தார். அதே தகர டப்பாவில் அதே செங்கல்பொடி.

பிள்ளை வயிற்றுக்குள் புரண்டது. சேலை மேலேயே தெரிந்தது. அவர் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கொஞ்ச நேரம் நான் மகளாக இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக வேறு எப்போதும் இருந்ததில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பிடியை மாட்டிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

விவசாயி ஒருவர் அரிவாள்களோடு உள்ளே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்கு அவரைத் தெரியாது.

“ஆசாரியே, துருத்திக்கு ஆளு கெடச்சாச்சு போலுக்கே?”

அப்பா பொடியை அளந்து கொட்டிக்கொண்டிருந்தார்.

“பிடி போட வந்தவுக. மழைக்கு ஒதுங்கி இருக்காவ.”

கயிறு என் கையில் நின்றுவிட்டது. ‘போதும்’ என்பதுபோல அவர் கையைக் காட்டினார். தீக்குத்தான் காட்டினார்.

அரக்கு ஆறியது

வாலைத் துளைக்குள் இறக்கினார். சுருக்கென்று ஒரு சத்தம். அரக்கு பொங்கி ஓரத்தில் வந்து நின்றது. அந்த வாசனையை நான் இன்றைக்கும் எங்கிருந்தாலும் அடையாளம் சொல்வேன். வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, கத்தியை நிமிர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அது ஆறும்வரை அவர் எழுந்துபோக முடியாது. எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மன்னிச்சிருங்க என்று தொடங்கி, பேறுக்கு மட்டும் கூட்டிக்கிடுங்க என்று முடியும். எல்லாம் மறந்துபோயிற்று.

“அப்பா, எனக்கு இது ஏழாம் மாசம்” என்றேன்.

அரிவாள்காரர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்பா அரக்கை நகத்தால் தட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினார்.

“எங்க இருந்து வாறிய?” என்றார்.

என்னிடம்தான். என்னைப் பெற்றவர் என்னிடம், ‘வாறிய’ என்று மரியாதையாகக் கேட்கிறார். ஏட்டி என்று கூப்பிட்ட வாய். அடித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். மரியாதைக்கு முன்னால் நான் என்ன செய்ய முடியும்?

“அருமனை” என்றேன்.

“அங்க எங்களுக்கு ஆளு யாரும் இல்ல.”

அவ்வளவுதான் பேச்சு. கூலியைப் பட்டறைக்கல்லின் பக்கத்தில் வைத்தேன். எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

கத்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நின்றது. கங்காணி மரம் மரமாக வந்து பார்த்தார், ஒரு காயம் இல்லை. எங்களை வெளியேற்றவில்லை. என் மகள் அந்த லயத்து அறையில்தான் பிறந்தாள். பேறு பார்த்தது ரோசம்மா. வலியில் நான் அம்மா என்று கத்தவில்லையாம், அப்பா என்று கத்தினேனாம். ரோசம்மா பிறகு சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். மறு வருடம் அப்பா இறந்துபோன செய்தியும், அவரை எரித்து முடிந்து வெகுநாள் கழித்து, அதே காய்க்காரி சொல்லித்தான் தெரியும். இந்தத் தடவை அவள் பந்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை எழுதாமல் இந்த வாரத்தை முடிக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் கத்தி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகாது. கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் உறவு அறுந்துவிடும் என்பார்கள். ஒரு பேனாக்கத்தி கேட்டால்கூட அப்பா தரையில்தான் வைப்பார். நான் குனிந்து எடுத்துக்கொள்வேன். சிறு வயதில் அவசரத்துக்கு நான் கையை நீட்டினால் சுள்ளென்று விழும். வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் கையில் கொடுப்பார். அவர்களோடு அறுந்துபோக என்ன இருக்கிறது?

அரக்கு ஆறியிருந்தது. நான் துணியைத் தரையில் விரித்தேன். அதில் வைப்பார் என்று விரித்தேன்.

அவர் குனியவில்லை. பிடியை என் பக்கம் திருப்பி, கத்தியை என் கைக்கு நேராக நீட்டினார்.

நான் கையை நீட்டாமல் நின்றேன். வாங்காமல் நின்றுகொண்டே இருந்தால் என்ன செய்வார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவர் கை நீட்டியபடி இருந்தது. வெளியே மழை விட்டுக்கொண்டிருந்தது, கூரையில் சொட்டுச் சத்தம் குறைந்துவிட்டது. விடிந்தால் செல்லையா வெட்டுக்குப் போகவேண்டும்.

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.